இலவச பஸ்ஸில் போய்ப் பார்த்த பனி

கொடைக்கானலில் உறைபனி பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழி, தூரம், செலவு எல்லாம் இருக்கும். கோபமும் இருக்கும். கோபம் வேண்டாதவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். அங்கேயும் கொஞ்சம் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஊர், பாபநாசத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் ஆற்றங்கரையை விட உயரமான இடம் கிடையாது. மார்கழியில் வயல்மேல் படுத்திருக்கும் மூட்டத்தைத் தவிர வேறு பனியை நான் பார்த்ததும் கிடையாது. ஆனால் பள்ளி நூலகத்தில் இருக்கும் பயண நூல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராக மாறாமலே நேராகப் புல்லின்மேல் பனிக்கட்டியாகப் படியும் என்று படித்த நாளிலிருந்து அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஜனவரிக் கடைசியில், தைப்பூசமும் குடியரசு தினமும் அடுத்தடுத்து வந்த விடுமுறையில், அந்த வாய்ப்பு வீடு தேடி வந்தது. இலவசமாக.

கூட்டிப்போனவர் ஒரு ஒப்பந்தக்காரர். அவர் பெயரை எழுதக் கூடாது என்பது அப்பாவின் நிபந்தனை. எங்கள் பக்கம் ஆட்சி மாறினால் கட்சிக் கொடியில் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு வரும், அல்லது போகும். இவர் இரண்டிலும் ஒப்பந்தக்காரர். எங்கள் ஊர் நஞ்சையின் நடுவே புறவழிச்சாலை போடப் போகிறார்கள். மண் அடிக்கும் வேலை தனக்குத்தான் என்று இவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவின் முக்கால் ஏக்கரும் அந்தச் சாலைக்குள் போகிறது. எங்களுக்கு இருப்பதே அந்த முக்கால் ஏக்கர்தான்.

ஜனவரி 26 அன்று காலை பதினோரு மணிக்குக் கிராம சபை. சாலை வேண்டாம் என்று அதில் தீர்மானம் போட வேண்டும், தீர்மானம் இருந்தால்தான் கோர்ட்டில் பேச முடியும் என்று தஞ்சாவூர் வக்கீல் சொல்லியிருந்தார். ஊரில் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஒப்பந்தக்காரருக்கும் தெரியும்.

அவருடைய ஆள் குமரேசன் வீடு வீடாக வந்தார். பொங்கலுக்கு அண்ணன் தரும் அன்பளிப்பு, நிலம் இருக்கிற வீட்டுக்கு இரண்டு சீட், சாப்பாடும் இலவசம் என்றார். கையில் இருந்த நோட்டீஸில் காஷ்மீரில் எடுத்த பனிமலைப் படம். எங்கள் வாசலில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது கீழத்தெரு அஞ்சம்மா அத்தை அந்த வழியாக வந்தார். நடவு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிவருவது அவர்தான்.

"ஏந்தம்பி, எங்க தெருவுக்குப் பனி ஒத்துக்காதா?"

"நெலம் இருக்கவங்களுக்குத்தான்க்கா."

"அப்ப நாங்க அந்தரத்துலயா நட்டுக்கிட்டு இருக்கோம்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சும்மா கூட்டிட்டுப் போறவன் சும்மாவா கூட்டிட்டுப் போவான்?" என்றார். ஆனால் 24 இரவு கிளம்பி 25 இரவே திரும்பிவிடுவோம் என்று நோட்டீஸில் இருந்தது. கூட்டம் 26 காலை. அதனால் அப்பா சம்மதித்தார். அறுவடை மெஷின் எங்கள் வயலுக்கு எந்த நேரமும் வரலாம் என்பதால் அம்மா ஊரிலேயே இருந்துவிட்டார். அப்பாவும் நானும் போனோம்.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் 27 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி 57, திருச்சியிலிருந்து திண்டுக்கல் நூறு, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் 95. பனி விழும் புல்வெளி அதற்கும் அப்பால், பூம்பாறைப் பக்கம், இன்னும் இருபது கிலோமீட்டர். உறைபனி காலை எட்டரைக்கு மேல் நிற்காது. ஆகவே இரவு ஒன்பதுக்குள் கிளம்பியே ஆக வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு அப்பாவிடம் சொல்லியிருந்தேன். பஸ் வந்தது பதினொன்றரைக்கு. டயர் பிரச்சினை என்றார் குமரேசன். டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "டயரா? என்னை வரச் சொன்னதே பதினொண்ணு மணிக்குத்தானேம்மா" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்கலாம். பனிக் கனவில் உறைக்கவில்லை.

திருச்சி தாண்டி ஒரு டீக்கடையில் முக்கால் மணி நேரம். வத்தலக்குண்டில் இட்லி, பொங்கல் என்று ஒரு மணி நேரம். மலை ஏறத் தொடங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. மேலே, ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் இருக்கும் அருவியருகே, விடுமுறைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பஸ் அரை மணி நேரத்தில் ஒரு வளைவைக் கூடத் தாண்டவில்லை. இது யார் சதியும் இல்லை. தொடர் விடுமுறையில் கொடைக்கானல் போகிற எல்லோருக்கும் கிடைக்கிற தண்டனை.

நடக்கத் தொடங்கியபோது மணி பத்து நாற்பது. ரோட்டிலிருந்து பைன் மரங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் இறக்கம், கீழே புல்வெளி. பாதை சேறாக இருந்தது. அந்தச் சேறுதான் நாங்கள் பார்க்க வந்த பனி. காலையில் உறைந்திருந்தது, உருகி எங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டது. வழி நெடுக சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், டயர் தடம். குதிரைக்காரர்கள் சுற்றுக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள். புல்வெளி ஓரத்தில் ஒருவர் தெர்மோகோலைப் பொடியாக்கித் தரையில் கொட்டி, காஷ்மீர் உடுப்பு மாட்டிவிட்டு, ஐம்பது ரூபாய்க்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிஜப் பனி விழுகிற மலையில் தெர்மோகோல் பனி! எங்கள் பஸ்காரர்கள் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் விடவில்லை. வெயில் படாத இடமாகத் தேடிப் போனேன். ஒரு பாறையின் வடக்குப் பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒட்டியிருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஊசி ஊசியாக நிற்கும் என்று படித்திருந்தேன், பாதி உருகிப்போனதால் உப்புத் தூள் போலத்தான் இருந்தது. பின்னால் தங்கராசு பெரியப்பா வந்து நின்றார். அப்பாவின் பங்காளி, ஊரில் நிறைய நிலம் இருப்பவர்.

"இதுக்கா ராத்திரி பூரா முதுகு ஒடிய வந்தோம்? எங்க வீட்டு ஃபிரிட்ஜைத் தொறந்தா இதைவிட இருக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழாமல் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சரிவில் இருந்த பூண்டு வயலுக்குள் எங்கள் ஊர் ஆட்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். டெல்டாக்காரர்களை எந்த மலைக்குக் கூட்டிப் போனாலும் வரப்பைக் கண்டால் காலை வைக்காமல் இருக்க மாட்டார்கள். "தண்ணி எங்கேர்ந்து வருது? மூட்டை என்ன விலை போவுது?" என்று விசாரித்து முடிக்க ஒரு மணி நேரம். குமரேசன் அவர்களை அவசரப்படுத்தவே இல்லை. ஆட்டுக்குட்டி மேய்வதைப் பார்ப்பது போல, ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு அவர் கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். பனி காட்டாமல் திருப்பி அனுப்ப அண்ணனுக்கு மனசில்லை, பக்கத்திலேயே ரூம் சொல்லியாயிற்று, கோழிக் குழம்பு, விடியற்காலையில் பனி பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

அப்பா எழுந்து, "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கிராம சபை இருக்கு தம்பி" என்றார்.

"அண்ணே, அது எனக்குத் தெரியாதா? தலைவர்கிட்டப் பேசிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு மாத்தியாச்சு."

அப்பா ஊராட்சித் தலைவருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார். எடுக்கவில்லை. "கிராம சபை நேரத்தை இப்படி வாயால மாத்த முடியாதுப்பா, முன்கூட்டியே அறிவிக்கணும்" என்று நான் சொன்னேன். பெரியப்பா என் பக்கம் திரும்பி, "படிச்ச புள்ள சொல்லிட்டா. ஏண்டி, ஒனக்குத்தானே பனி பாக்கணும்னு ஆசை? பாத்துட்டுப் போவோமே" என்றார். கோழிக் குழம்புக்கு எத்தனை பேர் என்று குமரேசன் கேட்டபோது எல்லாக் கையும் உயர்ந்தது. அப்பாவும் நானும் மட்டும் தனியே கிளம்பலாமா என்று பார்த்தோம். கொடைக்கானல் ஊருக்குள் போவதற்கே அந்த இடத்திலிருந்து வண்டி இல்லை.

26 காலை. இதைப் பொய் சொல்லாமல் எழுத வேண்டும். பனி இருந்தது.

ஆறு மணிக்கு அதே பாதையில் இறங்கினோம். முந்தைய நாள் சேறு கல்லாக இறுகி, மிதித்தால் நொறுங்கியது. புல்வெளி முழுக்க வெள்ளை. ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் வெள்ளை ஊசிகள் அடுக்கடுக்காக நின்றன, நான் படித்தது போலவே. ஒரு சிலந்தி வலை நூல் நூலாகத் தடித்துத் தெரிந்தது. மூச்சு விட்டால் அந்த இடம் மட்டும் சொட்டாகிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். சூரியன் மரங்களுக்கு மேலே வந்ததும் வெள்ளை ஒரு பக்கத்திலிருந்து மெல்லப் பின்வாங்கியது. என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை எங்கள் வயலுக்கு விலையாக யாரோ எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அடுத்த சில மணி நேரத்தில் தெரிந்தது.

கிளம்பியது எட்டரைக்கு. கொடைக்கானலில் சாக்லெட் கடை, தைலக் கடை என்று இறக்கிவிட்டு முக்கால் மணி நேரம். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. பதினொன்றே கால் இருக்கும், மலையிறங்கிக்கொண்டிருந்தோம், அப்பாவுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"எங்கதான் இருக்கீங்க? கூட்டம் ஆரம்பிச்சாச்சு!"

"நாலு மணின்னாங்களே?"

"யாரு சொன்னா? தலைவரு மைக்குல பேசிக்கிட்டு இருக்காரு. நெலத்துக்காரவங்க ஒருத்தரையும்..." அடுத்த வளைவில் லைன் அறுந்தது.

அப்பா எழுந்து நின்று, அம்மா சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். குமரேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள் என்று நான் டிரைவர் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"நிறுத்தாதய்யா, வளைவுல டிராஃபிக் ஆயிடும்" என்றார் குமரேசன்.

"ஸ்டியரிங் எங்கிட்டத்தான் இருக்கு, ஒங்ககிட்ட இல்ல" என்று சொல்லி, சாலை அகலமாக இருந்த ஓர் இடத்தில் டிரைவர் அண்ணன் ஓரங்கட்டினார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே அம்மாவும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தலைவரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நெலம் போறவங்க யாரும் வரலை. சந்தோஷமா டூர் போயிருக்காங்க. அப்ப அவங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"எங்களுக்கு ஆட்சேபம் இருக்கு!" இது அம்மா.

"நீ இரும்மா. பட்டா ஒம் பேர்லயா இருக்கு? வீட்டுக்காரரு வரட்டும், பேசிக்கலாம்."

பஸ்ஸில் என்னைச் சுற்றி நின்ற ஆண்களில் எத்தனையோ பேருக்குப் பட்டா இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் போனுக்குள் கத்தினேன்: "அம்மா! பட்டா வேண்டாம்மா! ஊர்ல ஓட்டு இருந்தாப் போதும். ஓட்டு இருக்கிற எல்லாரும் கிராம சபைதான். எங்க பாடப் புத்தகத்துலயே இருக்கு. தீர்மானத்தை நீயே படி!"

"யாரு அது போனுல?" என்றார் தலைவர்.

"எம் பொண்ணு. பட்டா வேணாமாம், ஓட்டு போதுமாம். பொஸ்தகத்துல இருக்காம்" என்றார் அம்மா. அங்கே ஒரு சிரிப்பு அலை.

அம்மா தீர்மானத்தை வாயாலேயே சொன்னார். எங்கள் ஊர் நஞ்சையில் சாலை வேண்டாம். அவ்வளவுதான், ஒரே வரி. கை தூக்குகிறவர்கள் தூக்கலாம் என்று தலைவர் சொன்னது கேட்டது. கூட்டம் நடந்த மண்டபத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கீழத்தெருப் பெண்கள். நூறு நாள் வேலை விஷயமாக ஒவ்வொரு கிராம சபைக்கும் வருகிறவர்கள். வந்து, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் ஒப்பந்தக்காரர் அவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எங்கள் ஆட்களும்தான் எடுக்கவில்லை. வக்கீலைப் பார்க்கப் போனபோது கீழத்தெருவிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை.

அப்போது அஞ்சம்மா அத்தையின் குரல் கேட்டது.

"தலைவரே, நெலம் யாரு பேர்ல வேணா இருக்கட்டும். நடவு எங்க பேர்ல இருக்கு. ரோடு போட்டா அதுல நாங்க எதை நடுறது? ஏய், எல்லாரும் கையைத் தூக்குங்கடி. குனிஞ்சே பழகின கை, கொஞ்சம் மேலதான் போவட்டுமே!"

சிரிப்பும் சத்தமுமாக எதுவும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா மூச்சிரைக்கப் பேசினார். "எழுதிட்டாங்க. வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டோம். நீங்க மெதுவா வாங்க."

இங்கே எல்லோரும் கை தட்டினார்கள் என்று எழுத எனக்கு ஆசை. அப்பா மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கராசு பெரியப்பா சீட்டில் உட்கார்ந்து, "நம்ம நெலத்துக்கு அவ கை தூக்குறாளா?" என்றார். நன்றியோடு சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்கு ஊர் வந்தோம். குமரேசன் வத்தலக்குண்டிலேயே இறங்கிவிட்டிருந்தார். டீக்கடையில் அன்றைக்கே பேச்சு தொடங்கிவிட்டது. எங்களைக் கேட்காமல் எப்படித் தீர்மானம் போடலாம்? இன்றைக்குக் கை தூக்குவார்கள், நாளைக்குக் கூலியை ஏற்றிக் கேட்பார்கள் என்று பெரியப்பாவும் மற்றவர்களும் பேசினார்கள். பஸ் ஏற்றிக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள்மேல் அத்தனை கோபம். நான் அப்பாவோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். "கூலியை ஏத்திக் கேட்டா என்ன தப்பு பெரியப்பா? கோழிக் குழம்புக்குத் தூக்குன கைதானே ஒங்களுது?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்குப் போ என்று அதட்டினார்கள். அப்பா என்னை அதட்டவில்லை. மறுநாள் காலை அவர் கீழத்தெருவுக்குப் போய், அடுத்த முறை வக்கீலைப் பார்க்க வர வேண்டும் என்று அஞ்சம்மா அத்தையைக் கேட்டுவிட்டு வந்தார். எங்கள் தெருவில் சிலர் இப்போது அப்பாவோடு பேசுவதில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு.

உறைபனி டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரிக் கடைசி வரைதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவுக்கு மறுநாள் காலையில் மட்டும் போங்கள். ஆறு மணிக்குப் புல்வெளியில் இருக்க வேண்டும், எட்டரைக்கு எல்லாம் முடிந்துவிடும். ஆகவே முதல் நாளே போய்த் தங்குங்கள், இரவெல்லாம் பயணம் செய்து அப்படியே நடக்கலாம் என்று எண்ணாதீர்கள். அரசுப் பேருந்தில் தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல் என்று மாறி மாறிப் போனால் ஒருவருக்கு ஒரு வழிக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். நெல் விற்ற கையோடு போகலாம், கட்டுப்படியாகும். பிடிமானமுள்ள காலணி, கையுறை, காது மூடும் குல்லா அவசியம். நான் அப்பாவின் துண்டைத்தான் சுற்றிக்கொண்டேன், போதவில்லை. குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள். தெர்மோகோல்காரரிடம் நிற்காதீர்கள்.

இலவச பஸ் வந்தால் அதில் யாருக்கு சீட் இல்லை என்று பாருங்கள். எனக்கு அது பஸ் கிளம்பும் முன்பே தெரிந்திருந்தது, அஞ்சம்மா அத்தை எங்கள் வாசலிலேயே கேட்டார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

தேதியும் முக்கியம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாட்களில் மலைப்பாதை முழுக்க நெரிசல், ரூம் வாடகை இரண்டு மடங்கு, எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. அந்த நாட்களில்தான் உங்கள் ஊரில் கிராம சபையும் கூடுகிறது. போகாதீர்கள்.

தங்கராசு பெரியப்பா, மே ஒன்றாம் தேதி நிலத்துக்காரர்கள் மட்டும் சேர்ந்து தனியாகத் தீர்மானம் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போடட்டும். முதலில் அன்றைக்கு ஊரில் இருக்கட்டும்.